ஜாம் போத்தல் விளக்கும் விமானத்தின் வாலும்

எங்கள் றெஸ்ரோறன்ற்றில் பொரிக்கிற எண்ணெய் மாற்றுவது என் வேலை. கிழமைக்கு இரண்டு தரம். இரவு பதினொன்றரைக்குக் கடைசி மேசை எழும்பியதும் ஃபிரிற்றோஸவை நிற்பாட்டி, எண்ணெய் ஆறும்வரை நிலத்தைக் கழுவி, பிறகு அடித்திருகைத் திறந்து வாளியில் பிடிப்பேன். ஊற்றும்போது தேன் நிறத்தில் இருந்த எண்ணெய், ஷ்னிற்சலும் பொம்மெஸும் மீனும் கண்டு, மூன்றாம் நாள் தேயிலைச் சாயம் மாதிரி ஆகியிருக்கும். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்ப் பீப்பாவுக்குள் ஊற்றினால் அன்றைய நாள் முடிந்தது.

பின்வளவில் நின்றால் தூரத்தில் விமான நிலையத்தின் விளக்குகள் தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் மண்ணெண்ணெய் மணக்கும். என்னோடு கோப்பை கழுவுகிற துருக்கிக்காரன் மூக்கைப் பொத்துவான். நான் பொத்துவதில்லை. எனக்கு அது அம்மாவின் சீலை மணம். இதை அவனுக்குச் சொன்னால் விளங்காது. உங்களில் பலருக்கு விளங்கும்.

ஜெட் விமானத்துக்கு ஊற்றுவதும் ஒருவகை மண்ணெண்ணெய்தான். ஜெட் ஏ-1 என்று பெயர். தண்ணீரும் தூசும் இல்லாமல் வடித்து, பூச்சியத்துக்குக் கீழே 47 பாகை வரை உறையாது என்று சோதித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் குடும்பம் ஒன்று. எங்கள் வீட்டு விளக்கில் எரிந்ததற்கும் விமானத்தின் செட்டைக்குள் இருப்பதற்கும் இடையில் சித்தப்பா பெரியப்பா உறவு.

நான் 1988ல் பிறந்தவன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி, குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்று, எரிபொருளுக்குத் தடையும் வந்தபோது எனக்கு இரண்டு வயது. ஆகவே மின்குமிழ் எரிகிற எங்கள் வீட்டை, 1995 இடப்பெயர்வெல்லாம் முடிந்து திரும்பி வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் கண்டேன். அதுவரைக்கும் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மண்ணெண்ணெய், அதற்குள் ஒரு சின்னக் குழாயில் திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. அந்த ஒரு விளக்கைச் சுற்றி அண்ணா, அக்கா, நான் மூன்று பேரும் படிப்போம். விடிய எழும்பி மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். அதை நாங்கள் ஒரு வருத்தமாக நினைத்ததே இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது.

அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. திரியை ஒரு மட்டத்துக்கு மேலே தூண்டவிடமாட்டார். "உயத்தாதை, புகைக்கும்" என்பார். சில நாட்களில், சங்கக் கடையில் இல்லாமல் வெளியில் கூடின விலைக்கு வாங்கிய எண்ணெயாக இருந்தால், வழக்கமான உயரத்திலேயே புகைக்கத் தொடங்கிவிடும். போத்தலின் கழுத்து அரை மணித்தியாலத்தில் கறுத்துவிடும். "உது கூடாத எண்ணெய், என்னத்தையோ கலந்திருக்கிறாங்கள்" என்று சொல்லித் திரியை இன்னும் தாழ்த்துவார். வெளிச்சம் குறையும். நாங்கள் புத்தகத்தோடு இன்னும் கிட்டப் போவோம்.

அம்மா ஐந்தாம் வகுப்பு. அவர் செய்தது ஒரு பரிசோதனை என்று எனக்குத் தெரியவந்தது இந்த நாட்டில்தான். அதற்குக் காரணம் சிவம் அண்ணை.

சிவம் அண்ணை 1992ல் வந்தவர். நான் 2010ல் வந்து, ஹைமில் ஒன்றரை வருடம் டுல்டுங்கோடு கிடந்து, பிறகு வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது இந்தக் கிச்சினில் இடம் எடுத்துத் தந்தவர் அவர்தான். அவருடைய வீட்டு மேல்தட்டு அறையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். 1996இலிருந்து 2019 வரை அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினார். பெரும்பாலும் பின்பக்க அறை. விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலில் நின்று பெட்டி அடுக்குவது, கீழே இறங்கி நிற்பது, மறுபடி ஏறுவது. வேலை முடிந்து வந்தால் சேட்டின் கழுத்துப்பட்டி கறுத்திருக்கும். அக்கா அதைத் தனியாகச் சவர்க்காரம் போட்டு உரஞ்சுவார். அந்தக் கறுப்பு எனக்கு ஜாம் போத்தலின் கழுத்தை ஞாபகப்படுத்தியது. அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை.

2019ல் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. வைத்தியர் முதல் கேட்ட கேள்வி, எத்தனை வருடமாகப் புகைக்கிறீர்கள் என்று. அவர் சிகரெட்டைத் தொட்டதில்லை. சோதனைகள், மருந்து, பிறகு தொழிலால் வந்த வருத்தம் என்று ஒரு விண்ணப்பம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நான்கு பக்கம். அதை என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, நீ கம்பசில் படிச்சனி. வாசிச்சுச் சொல்லு."

நான் கம்பசில் படித்தது ஒன்றரை வருடம். பௌதிக விஞ்ஞானம். 2009 தொடக்கத்தில் எங்கள் வகுப்பில் ஒருவன் வீட்டுக்குப் போகும் வழியில் இல்லாமல் போனான். அதற்கடுத்த மாதம் அப்பா காணியை ஈடு வைத்தார். என்னுடைய படிப்பு அந்த இடத்தில் நின்றது. இதை எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். சிவம் அண்ணைக்கு மட்டும் நான் இன்றைக்கும் படித்த பிள்ளை.

கடிதத்தின் சாரம் இதுதான். அவர் வேலை செய்த இடத்தில், அந்தக் காலத்தில், புகைத் துகள் எவ்வளவு இருந்தது என்பதற்கு அளவு இல்லை. அளவு இல்லாதபடியால் தொடர்பை நிறுவ முடியவில்லை. நான் வாசித்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"அது சரி, அந்த வாலிலை இருந்து வாறது என்ன சாமான்? நீ சொல்லு பாப்பம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். ஞாயிறு றெஸ்ரோறன்ற் பூட்டு. திங்கள் பின்னேரம்தான் வேலை. அந்த இடைவெளியில் வாசித்ததைத்தான் எழுதுகிறேன். இங்கே நின்று வேலை செய்கிற எங்கள் ஆட்கள் கொஞ்சப்பேர் இல்லை.

பயணிகள் விமானத்தின் வால் நுனியில் ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஜெட் இயந்திரம் இருக்கிறது. அதைச் சுருக்கமாக ஏபியு என்பார்கள். விமானத்தைத் தள்ளுவது அதன் வேலை அல்ல. பெரிய இயந்திரங்கள் நிற்கும்போது விமானத்துக்கு மின்சாரமும், உள்ளே குளிர்காற்றுக்கும் பெரிய இயந்திரத்தைக் கிளப்புவதற்கும் அமுக்கக் காற்றும் கொடுப்பது. அதாவது, விமானம் நிலத்தில் நிற்கும்போது, ஆட்கள் சுற்றி நின்று வேலை செய்கிற நேரத்தில் ஓடுகிற இயந்திரம் அது.

வேலை செய்கிற விதம் பெரியதைப் போலத்தான். காற்றை உறிஞ்சி அமுக்கி, எரியறைக்குள் எண்ணெயைத் தூவி எரித்து, அந்தச் சூட்டுக் காற்றால் சில்லைச் சுழற்றுவது. ஆனால் சின்ன இயந்திரத்தில் எரியறையும் சின்னது. தூவிய எண்ணெய் துளித்துளியாக ஆவியாகி எரிகிறபோது, சில இடங்களில் எண்ணெய் கூடவும் காற்றுக் குறைவாகவும் இருக்கும். அங்கேதான் கரி பிறக்கிறது. பிறந்த கரியில் பெரும்பங்கு, அடுத்த பகுதியில் காற்றுக் கூடக் கிடைக்கும்போது எரிந்து போகும். பெரிய எரியறையில் அதற்கு நேரம் இருக்கிறது. சின்னதில் நேரம் போதாது. சும்மா ஓடவிட்டுக்கொண்டு நிற்கும்போது சூடும் குறைவு. எரிந்து முடியாத கரி வெளியே வந்துவிடும்.

சரி, எந்த எண்ணெய் கூடக் கரி தரும்? இதற்கான விடை உயர்தர வகுப்பிலேயே என் கையில் இருந்தது. சேதன இரசாயனச் செய்முறையில் இரண்டு திரவங்களைத் தனித்தனியே எரித்துக் காட்டினார் மாஸ்ரர். ஒன்று மஞ்சள் சுவாலையாகப் பேசாமல் எரிந்தது. மற்றதில் இருந்து கறுத்த நூல்நூலாகக் கரி எழும்பி எங்கள் வெள்ளைச் சேட்டுகளில் விழுந்தது. அது வளையச் சேர்வை. பென்சீன் குடும்பம். எக்சேன் போன்ற சங்கிலியில் ஆறு காபனுக்குப் பதினான்கு ஐதரசன். பென்சீனில் ஆறு காபனுக்கு ஆறே ஆறு. வளையம் சுவாலைக்குள் உடையாமல் இன்னொரு வளையத்தோடு ஒட்டும். அது இன்னொன்றோடு. ஒட்டி ஒட்டித் தகடாகி, தகடு உருண்டு, கரித் துகளாகும். சங்கிலி மூலக்கூறும் கரி தரும். ஆனால் அது முதலில் உடைந்து, பிறகு வளையமாகக் கூடவேண்டும். வளையத்துக்கு அந்த வேலை மிச்சம். இரண்டு வளையம் ஒட்டியே வருகிற நப்தலீன் (அலுமாரிக்குள் உடுப்புக்கு இடையில் போடும் வெள்ளை உருண்டை இருக்கிறதே, அதுதான்) இன்னும் மோசம்.

ஜெட் ஏ-1இல் இந்த வளையச் சேர்வைகள் கனஅளவில் நூற்றுக்கு 25 பங்கு வரை இருக்கலாம் என்பது விதி. ஆகவே ஒரே பெயரில் வருகிற எண்ணெய்க்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. எந்தக் கிணற்று எண்ணெய், எந்தச் சுத்திகரிப்பு நிலையம் என்பதைப் பொறுத்து ஒருநாள் கூடப் புகைக்கும், ஒருநாள் குறையப் புகைக்கும். கந்தகமும் 0.3 பங்கு வரை இருக்கலாம். அது எரிந்து, வெளிக்காற்றில் குளிரும்போது கந்தக அமிலமாகி வேறுவகையான நுண்துகள்களை உண்டாக்கும். அவை கரி அல்ல, கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் வாசித்துக்கொண்டு போகையில்தான் அம்மா வந்தார். விமான எண்ணெயின் தரத்தைச் சோதிக்கிற முறைகளில் ஒன்றுக்குப் புகை முனைச் சோதனை என்று சொல்லலாம். எண்ணெயை ஒரு திரி விளக்கில் ஊற்றி ஏற்றுவார்கள். திரியை மெல்ல உயர்த்துவார்கள். புகை எழாமல் சுவாலை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மில்லிமீற்றரில் பார்ப்பார்கள். 25 மில்லிமீற்றருக்காவது நிற்கவேண்டும். நப்தலீன் வகை நூற்றுக்கு 3 பங்குக்கு மேலே போகாவிட்டால் 18 மில்லிமீற்றரும் போதும். நான் படத்தைப் பார்த்தேன். ஒரு விளக்கு, ஒரு திரி, பின்னால் ஒரு அளவுகோல். நூலகத்தில் இருந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தார். உலகத்தில் பறக்கிற விமானங்களின் எண்ணெய்க்கு எங்கள் அம்மா செய்த பரிசோதனை. அவரிடம் அளவுகோல் மட்டும் இல்லை.

அடுத்தது இன்னும் விசித்திரம்.

2009ல் கலிபோர்னியாவில் பாம்டேல் என்ற இடத்தில் நாசா ஒரு பழைய டிசி-8 விமானத்தை நிலத்தில் நிறுத்தி, இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து செய்த, வளையச் சேர்வை இல்லை என்று சொல்லக்கூடிய எண்ணெயை ஓட்டிப் பார்த்தது. பெரிய இயந்திரங்களோடு வால் இயந்திரத்தையும் அளந்தார்கள். கரி பெருமளவு குறைந்தது. பிறகு, அமெரிக்க, இங்கிலாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2015ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு ஏபியுவுக்கு 16 விதமான கலவைகளைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். கலந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பொரித்து முடிந்த சமையல் எண்ணெயில் இருந்து செய்த எரிபொருளை.

நான் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். என் வாளி.

பொரித்த எண்ணெயை அப்படியே ஊற்றுவதில்லை. கொழுப்பில் ஒட்சிசன் இருக்கிறது. ஐதரசனைச் செலுத்தி அதை வெளியேற்றி, இரட்டைப் பிணைப்புகளை நிரப்பி, மிஞ்சுகிற நீளச் சங்கிலிகளை உடைத்துக் கிளைவிடச் செய்கிறார்கள். கிளை இல்லாவிட்டால் மெழுகு மாதிரி உறைந்துவிடும். முடிவில் வருவது மண்ணெண்ணெய் போலவே ஒரு திரவம். ஆனால் அதில் வளையம் இல்லை, கந்தகமும் இல்லை. சாதாரண ஜெட் எண்ணெயில் நிறைக்கு நூற்றுக்கு 14 பங்கை எட்டாத ஐதரசன், இதில் 15 பங்கைத் தாண்டுகிறது. கலவையில் ஐதரசன் கூடக் கூட, வாலில் இருந்து வருகிற கரித் துகளின் எண்ணிக்கையும் நிறையும் குறைந்துகொண்டே போயின. துகள்களின் பருமனும் சிறுத்தது. (சிறுத்தது நல்லது என்று உடனே சந்தோசப்படவும் முடியாது. சின்னத் துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும்.)

அப்படியென்றால் முழுக்க முழுக்க அதையே ஊற்றினால் என்ன? வளையச் சேர்வைக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது. எண்ணெய்க் குழாய்களின் பொருத்துக்களில் இருக்கும் றப்பர் வளையங்களை அது ஊதிப் பருக்க வைத்து ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் இப்படிச் செய்த எண்ணெயைக் கலக்கும்போது குறைந்தது 8 பங்கு வளையச் சேர்வை இருக்கவேண்டும், பாதிக்கு மேலே கலக்கக்கூடாது என்று 2011ல் அனுமதி கொடுக்கும்போதே விதித்தார்கள். 2011 ஜூனில் ஆம்ஸ்ரர்டாமில் இருந்து பாரிசுக்குப் பயணிகளோடு ஒரு விமானம் இந்தக் கலவையில் பறந்தது. 2023 நவம்பரில் லண்டனில் இருந்து நியூயோர்க்குக்கு ஒரு விமானம் நிலத்து எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல் பறந்தது. அதிலும் 12 பங்கு செயற்கையாகச் செய்த வளையச் சேர்வையைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இலிருந்து நூற்றுக்கு 2 பங்கு இப்படியான எரிபொருள் கலக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டே இரண்டு பங்கு. உலகத்துப் பொரித்த எண்ணெயை எல்லாம் வழித்தெடுத்தாலும் விமானங்களுக்குக் காணாது என்பதும் உண்மை. ஆனாலும் எங்கள் முதலாளி முன்பு பீப்பாவை எடுக்க வருகிறவனுக்குக் காசு கொடுத்தார். இப்போது அவன் இவருக்குக் காசு கொடுக்கிறான். நான் வாளியில் இருந்து சிந்தினால் முன்பு பேசாதவர் இப்போது பேசுகிறார்.

சிவம் அண்ணையின் கடிதத்துக்கு வருகிறேன். விமான இயந்திரங்களின் கரித் துகளுக்குச் சர்வதேச அளவில் ஒரு வரையறை 2020 ஜனவரியில் இருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தள்ளுவிசை 26.7 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்கு. வால் இயந்திரம் விமானத்தைத் தள்ளுவதே இல்லை. ஆகவே அது அந்தக் கணக்கில் இல்லை. ஆட்களுக்கு மிகக் கிட்ட நின்று ஓடுவது எதுவோ அது அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. அண்ணை 23 வருடம் நின்றதும் அதற்குக் கீழே. அளவு இல்லை என்று கடிதத்தில் எழுதியவரைப் பிழை சொல்லத் தெரியவில்லை. அளக்கவில்லைத்தானே. ஆனால் அளக்காமல் விட்ட பிழைக்கு மூச்சு இழுக்கிறவர் ஏன் பொறுப்பாக வேண்டும்?

அளந்த இடமும் இருக்கிறது. கோபன்ஹேகன் விமான நிலையத்தில், தொழிற்சங்கமும் சேர்ந்து நின்று, விமானம் நிற்கும் தளத்தில் நுண்துகள்களை அளந்தார்கள். நகரத்தின் நெரிசலான தெருவை விட எண்ணிக்கை கூட என்று கண்டார்கள். அதன் பிறகு வால் இயந்திரத்தைத் தேவையில்லாமல் ஓடவிடாமல் கட்டுப்படுத்தினார்கள். நிலத்தில் இருந்தே வயர் கொழுவி மின்சாரமும், குழாய் பூட்டிக் குளிர்காற்றும் கொடுத்தால் வால் இயந்திரத்தின் தேவை பெருமளவு போய்விடும். இது பல நிலையங்களில் இருக்கிறது. எண்ணெயை மாற்றுவதற்கு முதல் செய்யக்கூடியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். எண்ணெய் எவ்வளவு நல்லதென்றாலும், எரியாத எண்ணெய்க்குக் கரி இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் ஒரு கொப்பியில் ஒழுங்குபடுத்தி அண்ணையிடம் கொண்டுபோனேன். மறுமுறையீட்டுக்கு உதவும் என்று ஒரு எண்ணம். அவர் பல்கனியில் இருந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். பக்கத்தில் அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். பென்சீன், ஐதரசன் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு விளக்கில் இருந்து தொடங்கினேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"ஓம், ஓம். எங்கடை வீட்டிலையும் மனுசி திரியை இறக்கு இறக்கு எண்டுதான் நிக்கும்" என்று தன் தாயைப் பற்றிச் சொன்னார். பிறகு என் பீப்பா எண்ணெய்க் கதையைச் சொன்னபோது சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். இருமல் நின்ற பிறகு அண்ணை சொன்னார்.

"அப்ப பொரியல் மணம் அடிச்சிருக்கும். பசிச்சிருக்கும் தம்பி."

கொப்பியை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார். மறுமுறையீட்டுக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. ஜேர்மன் மொழியில் ஒழுங்காக எழுதித் தரக்கூடியவர் யாராவது வேண்டும்.

நான் எழும்பப் பார்த்தபோது கையைக் காட்டி இருக்கச் சொன்னார். காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. தூரத்தில் மெல்லிய, கூரான ஒரு இரைச்சல். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவருக்கு அப்படி இல்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரைச்சல் கீழே இறங்கி நின்றது.

"நிப்பாட்டிப் போட்டான்" என்றார். "வயரைக் கொழுவியிட்டாங்கள் போலை."